‘இது புதிய தவளை’ என்று எப்படிச் சொல்கிறார்கள்?

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் மாணவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் செய்திகளில் ஒன்று, “மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தவளை இனம் கண்டுபிடிப்பு” என்பது. அப்படி ஒரு செய்தி வாசிக்கப்பட்ட நாளில், வகுப்புக்குத் திரும்பியதும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: “நேத்து வரைக்கும் அந்தத் தவளை எங்க சார் இருந்துச்சு?”

வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி. தவளை அங்கேயேதான் இருந்தது. மனிதர்கள் அந்த மலைக்கு வருவதற்கு முன்பிருந்தே இருந்தது. மலையில் வாழும் மக்கள் அதைப் பார்த்தும் இருப்பார்கள்; அதற்கு ஒரு பெயரும் வைத்திருப்பார்கள். அப்படியானால் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது எதை?

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்து மலையிலேயே விடை இருக்கிறது. ‘பாதாளத் தவளை’ என்று கேரளத்தில் அழைக்கப்படும் தவளையின் கதை அது. மகாபலி ஆண்டுக்கு ஒருமுறை பாதாளத்திலிருந்து வருவதுபோல இதுவும் ஆண்டுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வெளியே வருவதால் ‘மகாபலித் தவளை’ என்றும் சொல்வார்கள். வகைப்பாட்டியல் பாடத்தை நடத்தும்போது நாம் பெயர்களையும் படிநிலைகளையும் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் எவ்வளவு வாதம் இருக்கிறது என்பதை இந்த ஒரு தவளையை வைத்தே காட்டிவிடலாம்.

மண்ணுக்குள் ஒரு தவளை

முதலில் அதன் தோற்றம். சுமார் ஏழு சென்டிமீட்டர் நீளம். ஊதிய பந்து போன்ற உடல், ஊதா கலந்த கருஞ்சாம்பல் நிறம். உடலோடு ஒப்பிட்டால் தலை மிகச் சிறியது. மூக்கு முனை வெளுத்து, பன்றியின் மூக்கு போலக் கூர்ந்திருக்கும். கண்கள் சிறியவை. குட்டையான, வலுவான கால்களால் மண்ணைத் தோண்டி உள்ளே போகும். மண்ணைத் தோண்டும் தவளைகள் வேறு பலவும் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரைக்காக மேலே வந்துவிடும். இது உணவையும் மண்ணுக்குள்ளேயே தேடிக்கொள்கிறது. முக்கிய உணவு கறையான்.

ஆண்டில் ஏறக்குறைய இரண்டு வாரம், கோடை முடிந்து முதல் மழை இறங்கும் நாட்களில், இனப்பெருக்கத்துக்காக மட்டும் வெளியே வரும். ஆண் தவளைகள் ஓடையோரத்தில் மண்ணுக்குள் இருந்தபடியே குரல் கொடுக்கும். மலையோடையின் பாறைக் குழிகளில் பெண் தவளை ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பிறகு இரண்டும் மீண்டும் மண்ணுக்குள் போய்விடும். ஆண்டின் மற்ற நாட்களில் தேடிப் போகிறவர் கண்ணில் அது படுவதற்கு வழியே இல்லை. ‘நேற்றுவரை எங்கே இருந்தது’ என்ற கேள்விக்கு நேரடியான விடை: காலடியில்.

ஓர் அம்புக்குறிக்கு 85 ஆண்டுகள்

முட்டையிலிருந்து வரும் தலைப்பிரட்டைகள் மண்ணுக்குள் போவதில்லை. வேகமாக ஓடும் நீரில், பாறைகளின் மேல், உறிஞ்சி போன்ற வாயால் ஒட்டிக்கொண்டு சுமார் மூன்று மாதங்களுக்கு மேல் வாழ்கின்றன. அருவி நீர் தலையில் கொட்டினாலும் பிடியை விடுவதில்லை. தாய் தவளையைப் பார்க்க இரண்டு வாரம்தான். பிள்ளைகளைப் பார்க்க மூன்று மாதம். எனவே விஞ்ஞானம் முதலில் சந்தித்தது பிள்ளைகளைத்தான்.

இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நெல்சன் அன்னண்டேல் காலத்தில், 1917-18ஆம் ஆண்டுகளிலேயே இந்தத் தலைப்பிரட்டை விவரிக்கப்பட்டுவிட்டது. விசித்திரமான வாய் கொண்டது என்று குறித்தார்கள். ஆனால் இது வளர்ந்தால் எந்தத் தவளை ஆகும்? அதைச் சொல்ல வழியில்லை. தலைப்பிரட்டைக்குச் செவுள் உண்டு, வால் உண்டு. பாறையில் உள்ள பாசியைச் சுரண்டித் தின்பதற்கேற்ற வாய் உண்டு. தவளைக்கு இவை எதுவும் இல்லை. கம்பளிப்பூச்சியைப் பார்த்துப் பட்டாம்பூச்சியின் இறகு நிறத்தைச் சொல்ல முடியாததைப் போன்ற நிலைதான். ஒன்று, அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். அல்லது இரண்டின் மரபணுவையும் ஒப்பிட வேண்டும். இரண்டாவது வழி அந்தக் காலத்தில் இல்லை.

பாடநூலில் தவளையின் வாழ்க்கைச் சுழற்சிப் படத்தில் தலைப்பிரட்டையிலிருந்து தவளைக்கு ஓர் அம்புக்குறி போடுகிறோம். கரும்பலகையில் அதை வரைய ஒரு நொடி போதும். இந்தத் தவளையின் விஷயத்தில் அந்த அம்புக்குறியைப் போட ஏறத்தாழ 85 ஆண்டுகள் ஆயின. இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். அந்தப் படத்தை மாணவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

2003: ஒப்பிட்டுப் பார்த்தார்கள்

இடுக்கி மாவட்டத்தின் கட்டப்பனைப் பகுதியில் கிடைத்த வளர்ந்த தவளையை, அப்போது திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த எஸ்.டி. பிஜுவும், பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் பிராங்கி போஸ்யூட்டும் ஆராய்ந்தார்கள். 2003 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வெளிவந்தது.

இங்கேதான் மாணவனின் கேள்விக்கு உரிய இடம். ‘புதியது’ என்பது தவளையின் உடம்பில் எழுதியிருக்கும் ஒரு குணம் அல்ல. ‘இதுவரை அறிந்த எதுவும் இது இல்லை’ என்ற வாதத்தின் முடிவு அது. அன்று உலகில் அறியப்பட்டிருந்த தவளை இனங்கள் சுமார் 4,800. (இன்று 7,000ஐத் தாண்டிவிட்டது.) ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் எந்தக் குடும்பத்தோடு சேரக்கூடும் என்று ஐயம் வருகிறதோ அந்தக் குடும்பங்களின் பழைய விவரணைகளையும் அருங்காட்சியக மாதிரிகளையும் எடுத்து வைத்து, எலும்பு, கால்விரல், நாக்கு, தோல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். களத்தில் ஒரு மழை இரவு; நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் பல மாதங்கள். செய்தித்தாளில் வருவது அந்த ஓர் இரவு மட்டும்தான்.

இந்தத் தவளையோ எந்தக் குடும்பத்தோடும் சேரவில்லை. எனவே டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தும் உட்கருவிலிருந்தும் சுமார் 2,800 எழுத்து நீளமுள்ள பகுதிகளைப் படித்து, மற்றத் தவளைகளின் அதே பகுதிகளோடு வரிசைப்படுத்தினார்கள். இதை மாணவர்களுக்குப் புரிய வைக்க ஓலைச்சுவடியைவிட நல்ல உவமை இல்லை. ஒரு நூலின் சுவடிகள் ஊர்தோறும் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் முந்தைய ஒன்றைப் பார்த்துப் படியெடுத்தது. படியெடுப்பவர் ஓரிடத்தில் பிழை செய்தால், அவர் பிரதியிலிருந்து எழுதப்பட்ட எல்லாச் சுவடிகளிலும் அதே பிழை இருக்கும். ஒரே பாடபேதம் பல இடங்களில் இரண்டு சுவடிகளில் மட்டும் ஒத்துப்போனால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் முடிவு செய்வார். டி.என்.ஏ. எழுத்துகளில் செய்வதும் இதே வேலைதான்.

கிடைத்த விடை யாரும் எதிர்பாராதது. இந்தத் தவளையின் மிக நெருங்கிய உறவினர் கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ இல்லை, இந்தியாவிலேயே இல்லை. சுமார் 2,800 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், செஷெல்ஸ் தீவுக்கூட்டத்தின் சில கருங்கல் தீவுகளில் மட்டும் வாழும் சிறிய தவளைக் குடும்பம் அது. தவளையின் தோல் நீரை எளிதில் உள்ளே விடும். உப்பு நீர் பெரும்பாலான தவளைகளுக்கு நஞ்சு. ஆகவே கடலைக் கடந்திருக்கும் என்று சொல்வது கடினம். நிலம்தான் நகர்ந்தது. இந்தியா, மடகாஸ்கர், செஷெல்ஸ் மூன்றும் ஒரே நிலமாக இருந்தன. மடகாஸ்கர் சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், செஷெல்ஸ் சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் பிரிந்தன. இரண்டு தவளைக் கிளைகளின் பிரிவோ அவற்றுக்கும் முந்தியது. டைனோசர்கள் உலவிய காலத்தது. சமூக அறிவியல் ஆசிரியர் கண்டப் பெயர்ச்சியை நடத்தும்போது இந்தத் தவளையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு தனித்து நிற்பதால் புதிய சிற்றினம் என்றோ புதிய பேரினம் என்றோ நிறுத்தாமல் புதிய குடும்பமாகவே அறிவித்தார்கள். பெயர்: நாசிகாபட்ராக்கஸ் சஹ்யாத்ரென்சிஸ். நாசிகா, சமஸ்கிருதத்தில் மூக்கு. பட்ராக்கஸ், கிரேக்கத்தில் தவளை. சஹ்யாத்ரென்சிஸ், சஹ்யாத்ரி மலைக்குரியது. இருசொற்பெயரை மாணவர்கள் வாய்க்குள் நுழையாத ஒன்றாக வெறுக்கிறார்கள். ‘மலைநாட்டு மூக்குத் தவளை’ என்று பொருள் சொன்ன பிறகு அந்த வெறுப்பு இருப்பதில்லை.

புட்டியில் இருக்கும் சாட்சி

பெயர் வைப்பதற்கும் சட்டம் உண்டு. விலங்குகளின் பெயர்கள் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து கணக்கில் கொள்ளப்படுகின்றன. புதிய பெயர் செல்ல வேண்டுமானால் அது வெளியிடப்பட வேண்டும். மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பது எழுதப்பட வேண்டும். அந்தப் பெயர் எந்த உயிரைக் குறிக்கிறதோ அந்த ஓர் உயிர் ‘மூல மாதிரி’யாகச் சுட்டப்பட வேண்டும். பாதாளத் தவளையின் மூல மாதிரி மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வைக்கப்பட்டது. நாளை யாராவது “நீங்கள் சொன்ன தவளையும் நான் பிடித்த தவளையும் ஒன்றா?” என்று கேட்டால், அந்தப் புட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஒரு தவளையைக் கொல்ல வேண்டுமா என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கேட்க வேண்டும். விஞ்ஞானிகளுக்குள்ளும் இதில் ஒரே கருத்து இல்லை. ஆனால் சாட்சி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பெங்களூரு மத்தியக் கல்லூரியில் பணியாற்றிய சி.ஆர். நாராயண ராவ், அன்னண்டேலுடன் சேர்ந்து தலைப்பிரட்டைகளை ஆராய்ந்தவர். இந்தியத் தவளை ஆய்வின் முன்னோடி. 1937இல் தென்னிந்தியாவிலிருந்து பல புதிய தவளைகளை விவரித்தார். அவருடைய மாதிரிகள் பின்னாளில் தொலைந்துபோயின. எழுத்து இருக்கிறது, தவளை இல்லை. அவர் சொன்ன தவளை எது என்று தெரிந்துகொள்ள, பிற்கால ஆய்வாளர்கள் அவர் குறித்த மலைகளுக்கே மீண்டும் போய்த் தேட வேண்டியிருந்தது. பொருளைப் பாதுகாப்பதும் அறிவியலின் பகுதி என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல?

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பெய்யும் மழை

கதை 2003இல் முடிந்திருந்தால் அது கேரளத்தின் கதை மட்டுமே. விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயப் பகுதியின் ஓடைகளிலும் இதே போன்ற தவளை இருப்பது தெரியவந்தது. இப்போது கேள்வி மாறிவிட்டது. முதல் முறை, ‘இது எதையும் போல இல்லையே’ என்பது பிரச்சினை. இந்த முறை, ‘இது அதைப் போலவே இருக்கிறதே’ என்பது பிரச்சினை. இரண்டாவதுதான் கடினமானது.

ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் உள்ளிட்ட குழுவினர் 2017இல் இதைத் தனிச் சிற்றினமாக விவரித்தார்கள். உடலமைப்பு, குரல், மரபணு ஆகிய மூன்றையும் சான்றாக வைத்தார்கள். என்னை மிகவும் கவர்ந்தது, அது இனப்பெருக்கம் செய்யும் காலம். கேரளப் பக்கத் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, மே மாத வாக்கில் மண்ணைவிட்டு வெளியே வருகிறது. மலையின் கிழக்குச் சரிவோ மழை மறைவுப் பகுதி. அங்கே மழை என்றால் அக்டோபருக்குப் பிறகு வரும் வடகிழக்குப் பருவமழைதான். அந்தத் தவளை வெளியே வருவதும் அப்போதுதான். ஒரே மலை, இரண்டு சரிவு, இரண்டு மழை. ஒன்று துணை தேடும் மாதத்தில் மற்றது மண்ணுக்குள் இருக்கிறது. தம்முள் இனப்பெருக்கம் செய்யக்கூடியவையே ஒரு சிற்றினம் என்று பாடத்தில் சொல்கிறோம். அந்த வரையறையை மழைக் காலண்டரே செயல்படுத்துகிறது.

அதற்கு நாசிகாபட்ராக்கஸ் பூபதி என்று பெயரிட்டார்கள். கோவையில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றிய ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியன் பூபதியின் நினைவாக வைத்த பெயர் அது. அவர் 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். இருசொற்பெயரின் இரண்டாவது சொல்லில் சில சமயம் ஒரு மனிதரின் வாழ்க்கையே இருக்கிறது.

‘ஒன்றா இரண்டா என்பதில் என்ன இருக்கிறது, தவளை தவளைதானே’ என்று கேட்கலாம். வேறுபாடு பெரியது. இரண்டும் ஒரே இனம் என்றால், கிழக்குச் சரிவின் ஓடை ஒன்று வறண்டு போனாலும் ‘கேரளத்தில் இருக்கிறதே’ என்று சமாதானம் சொல்லலாம். தனி இனம் என்றால் அந்தச் சமாதானம் செல்லாது. பாதுகாப்புப் பட்டியல்களில் ஏறுவது சிற்றினத்தின் பெயர்தான். பெயரில்லாத உயிரைப் பட்டியலில் எழுத முடியாது; ஓர் அணையோ சாலையோ வரும்போது ‘இங்கே என்னென்ன உயிர்கள் உள்ளன’ என்ற அறிக்கையிலும் அது வராது. ஓடும் நீரில் மூன்று மாதம் பாறையில் ஒட்டி வாழும் தலைப்பிரட்டைக்கு, ஓடை ஓடிக்கொண்டிருப்பதுதான் உயிர். கேரளத்தின் சில பகுதிகளில் மக்கள் இந்தத் தலைப்பிரட்டைகளை உணவுக்காகச் சேகரிப்பது இந்த இனத்துக்கு ஓர் அச்சுறுத்தல் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே மக்கள்தான் இந்தத் தவளை எப்போது, எந்த ஓடையில் வரும் என்பதை எல்லாருக்கும் முன்பே அறிந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘கண்டுபிடித்தார்கள்’ என்ற சொல்லை வகுப்பில் பயன்படுத்தும்போது எனக்கு இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ‘விவரித்தார்கள்’ என்பது அடக்கமான சொல். சரியான சொல்லும் அதுதான்.

விவரிக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. அதே 2017இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஒரே கட்டுரையில் ஏழு புதிய இராத்தவளைகள் விவரிக்கப்பட்டன. அவற்றில் நான்கு கட்டைவிரல் நகத்தின் மேல் உட்காரும் அளவே உள்ளவை. இலைச் சருகுக்கடியில் பூச்சி போலக் கத்துபவை.

வகுப்பில் செய்து பார்த்தது

தவளையைப் பிடித்து வரச் சொல்லாதீர்கள். விவரித்தல் என்ற வேலையைப் பழக இலையே போதும். ஒரே வேப்பமரத்திலிருந்து இருபது இலைக் காம்புகளைப் பறித்து மேசையில் குவித்தேன். ஒவ்வொரு குழுவும் ஓர் இலையைத் தேர்ந்தெடுத்து விவரித்து எழுத வேண்டும். பிறகு அதைக் குவியலில் கலந்துவிட வேண்டும். எழுதியதை மட்டும் படித்து இன்னொரு குழு அந்த இலையை எடுக்க வேண்டும். முதல் சுற்றில் எல்லாரும் ‘பச்சையாக, நீளமாக, அழகாக இருக்கும்’ என்றே எழுதினார்கள். எந்த இலையும் கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றில் அளவுகோலை எடுத்தார்கள், சிற்றிலைகளை எண்ணினார்கள், எந்தப் பக்கம் பூச்சி தின்றது என்று குறித்தார்கள்.

அடுத்த நாள் கறிவேப்பிலையையும் கலந்தேன். இப்போது கேள்வி: எந்த வேறுபாடு இலைக்கு இலை மாறுகிறது, எந்த வேறுபாடு எல்லா வேப்பிலைக்கும் பொதுவாக நின்று கறிவேப்பிலையிலிருந்து பிரிக்கிறது? சிற்றிலைகளின் எண்ணிக்கை கைவிட்டது. அது இரண்டிலும் மாறிக்கொண்டே இருந்தது. வேப்பிலையின் ரம்பம் போன்ற விளிம்பு நின்றது. மணத்தை ஒரு குழு எழுதியது. இன்னொரு குழு, தங்கள் கறிவேப்பிலைக்கு மணமே இல்லை என்று மறுத்தது. காய்ந்த இலையாக இருக்கும் என்றார்கள் முதல் குழுவினர். இல்லை, பச்சை இலைதான் என்றார்கள் இவர்கள். சரி, அந்த இலையை எடுத்து வாருங்கள், பார்த்துவிடலாம் என்றேன். மணி அடித்ததும் மேசையைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரோ அதைக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் தொட்டியை நோக்கி ஓடினார்கள்.